அரிய நோய்: பெயர் தெரியும் வரை

அரிய நோய் உள்ளவர்கள் எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு முதன்முறை வரும்போது பெரும்பாலும் ஒரு துணிக்கடைப் பையையும் சுமந்து வருகிறார்கள். அதனுள் பல ஆண்டுகளின் மருந்துச் சீட்டுகள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட ஸ்கேன் படங்கள், எழுத்து மங்கிப்போன ரத்தப் பரிசோதனை அறிக்கைகள், மூன்று நான்கு மருத்துவமனைகளின் டிஸ்சார்ஜ் சம்மரிகள் எல்லாம் இருக்கும். சேக்காடு, பட்டாபிராம், திருநின்றவூர், அம்பத்தூர், பூவிருந்தவல்லி என எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும், உடன் வரும் தாயோ மனைவியோ கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இன்னும் எத்தனை டாக்டரைப் பார்க்கணும் சார்?"

நியாயமான கேள்வி. ஐரோப்பாவில் 41 நாடுகளைச் சேர்ந்த 6,500-க்கும் மேற்பட்ட அரிய நோயாளிகளிடமும் அவர்கள் குடும்பத்தாரிடமும் நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று 2024-ஆம் ஆண்டு வெளியானது. முதல் அறிகுறி தோன்றியதிலிருந்து நோயின் பெயர் உறுதியாகும் வரை அவர்களுக்குச் சராசரியாக ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. மருத்துவ வசதிகள் நிறைந்த நாடுகளிலேயே நிலைமை இதுதான். இந்தத் தாமதம் ஏன் நேர்கிறது, அதைக் குறைக்க நோயாளியும் குடும்பத்தாரும் செய்யக்கூடியது என்ன என்பதை இங்கே விளக்க விரும்புகிறோம்.

உலகில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட அரிய நோய்கள் இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை மரபணுக் கோளாறுகளால் வருபவை. ஒவ்வொன்றையும் தனியே எடுத்துக்கொண்டால் ஆயிரத்தில் ஒருவருக்கோ, இலட்சத்தில் ஒருவருக்கோதான் வரும். ஒரு மருத்துவர் தம் பணிக்காலம் முழுவதிலும் ஒரு குறிப்பிட்ட அரிய நோயை ஒரே ஒரு முறை பார்ப்பதும் உண்டு. பார்க்காமலே போவதும் உண்டு. ஆனால் அரிதாயிருப்பது மட்டுமே தாமதத்துக்குக் காரணம் என்று நாங்கள் கருதவில்லை. அரிய நோய் அரிய நோயைப் போலத் தோற்றம் தருவதில்லை என்பதுதான் பெரிய சிக்கல். அது மஞ்சள் காமாலையாக வரும், சத்துக்குறைவாக வரும், பிள்ளையின் பிடிவாதமாகக்கூட வரும்.

வில்சன் நோயை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ முப்பதாயிரம் பேரில் ஒருவருக்கு வருவதாகச் சொல்லப்படும் நோய் இது. இதை நாங்கள் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அரிய நோய்களில் மருந்து உள்ள சிலவற்றுள் இதுவும் ஒன்று. தாமதத்தின் விலை இதில் மிகத் தெளிவாகத் தெரியும். கீழே சொல்வது எந்த ஒரு நோயாளியின் கதையும் அன்று. இந்நோய் உள்ளவர்களிடம் மீண்டும் மீண்டும் காணப்படும் வரிசை.

பத்து வயதுச் சிறுவனுக்குக் காமாலை வருகிறது. நம் ஊரில் காமாலை புதிதன்று. தண்ணீர், உணவு வழியாகப் பரவும் வைரஸ்தான் காரணம் என்று எல்லாரும் கொள்கிறார்கள். கீழாநெல்லியும் பத்தியமுமாக ஒரு மாதம் போகிறது, கண் தெளிகிறது, எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து அவனுடைய கையெழுத்து கோணத் தொடங்குகிறது. பள்ளியிலிருந்து அழைப்பு வருகிறது. மதிப்பெண் குறைகிறது, காரணமில்லாமல் அழுகிறான், அம்மாவிடம் கத்துகிறான். செல்போன்தான் காரணம் என்று வீட்டில் முடிவாகிறது. பிறகு மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறார்கள். அவர் கொடுக்கும் மருந்துக்குப் பின் கைகால்கள் விறைப்பாகின்றன. மருந்தின் பக்க விளைவு என்று மருந்து மாற்றப்படுகிறது. விறைப்பு குறையவில்லை. பேச்சு குழறுகிறது, வாயோரம் எச்சில் வடிகிறது, காப்பி டம்ளரை எடுத்தால் கை நடுங்குகிறது. இப்போது நரம்பியல் மருத்துவர். அவர், "இதற்கு முன் காமாலை வந்ததுண்டா?" என்று கேட்டுவிட்டு, கண் மருத்துவரிடம் அனுப்புகிறார். நடுக்கத்துக்குக் கண்ணை ஏன் பார்க்க வேண்டும் என்று குடும்பத்தார் திகைக்கிறார்கள்.

இந்த வரிசையில் தனித்தனியே பார்த்தால் ஒவ்வொரு முடிவும் பொருத்தமானதே. காமாலையைப் பார்த்தவர் நடுக்கத்தைப் பார்க்கவில்லை. நடுக்கத்தைப் பார்ப்பவருக்குக் காமாலை பற்றி யாரும் சொல்லவில்லை. கல்லீரல் ஒரு துறை, மனம் ஒரு துறை, நரம்பு ஒரு துறை. மூன்றையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்கும் நாள் வரும்வரை நோய்க்குப் பெயர் கிடைப்பதில்லை.

உடலுக்குள் நடப்பது இதுதான். நாம் உண்ணும் உணவில் நாளொன்றுக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம் செம்பு சேர்கிறது. தேவைக்கு மேற்பட்டதைக் கல்லீரல் பித்தநீர் வழியே வெளியேற்றிவிடும. அதற்குத் தேவையான புரதத்தை உருவாக்கும் மரபணு பழுதுபட்டவர்களுக்குச் செம்பு பிறவியிலிருந்தே கல்லீரலில் தேங்குகிறது. கல்லீரல் கொள்ளாத நிலையில் அது ரத்தத்தில் கலந்து மூளையிலும், கருவிழியின் ஓரத்திலும், சிறுநீரகத்திலும் படிகிறது. கருவிழி ஓரத்தில் பொன்னிறமும் பழுப்பும் கலந்த வளையமாகத் தெரிவது அந்தச் செம்புதான். 1902-இலும் 1903-இலும் இவ்வளையத்தைப் பதிவு செய்த ஜெர்மானியக் கண் மருத்துவர்கள் கெய்சர், ஃபிளைஷர் இருவரின் பெயரால் அது அழைக்கப்படுகிறது. நம்மவர்களின் கண்மணி கரும்பழுப்பு நிறமாதலால் வெறுங்கண்ணுக்கு வளையம் எளிதில் புலப்படாது. ஸ்லிட் லேம்ப் என்னும் கருவியால் பார்க்க வேண்டும். நரம்பு அறிகுறிகள் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு வளையம் இருக்கும். கல்லீரல் பாதிப்பு மட்டும் உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கே இருக்கும். ஆகவே வளையம் இல்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது.

நோயை 1912-இல் விரிவாக எழுதியவர் லண்டனில் பணியாற்றிய கின்னியர் வில்சன். அவர் காலத்தில் இது உயிரைக் குடிக்கும் நோய். 1956-இல் ஜான் வால்ஷ் என்னும் பிரிட்டன் மருத்துவர் பெனிசில்லமின் என்ற மருந்து செம்பைப் பற்றிச் சிறுநீர் வழியே வெளியேற்றுவதை அறிவித்தார். வாய்வழி உட்கொள்ளும் ஒரு மாத்திரை ஒரு நோயின் போக்கையே மாற்றியது. பின்னர் டிரையென்டீனும், குடல் செம்பை உறிஞ்சாமல் தடுக்கும் துத்தநாகமும் சேர்ந்தன. கல்லீரல் அழற்சி நிலையிலேயே கண்டறியப்பட்டவர் மாத்திரையோடு படிப்பும் வேலையும் குடும்பமுமாக வாழ முடியும். மூளையில் வடு ஏற்பட்ட பின் கண்டறியப்பட்டால், செம்பை வெளியேற்றலாம்; போன பேச்சு முழுமையாகத் திரும்பும் என்று உறுதி கூற இயலாது. அந்த மூன்றாண்டுத் தாமதத்தின் விலை அதுதான்.

சந்தேகம் வந்ததும் செய்யும் பரிசோதனைகளில் ஒன்று, இருபத்துநான்கு மணிநேரச் சிறுநீரில் உள்ள செம்பின் அளவு. இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் வீட்டிலேயே சேகரிக்க வேண்டிய இப்பரிசோதனை தவறுவதற்கு வாய்ப்பு அதிகம். காலையில் எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீரைச் சேர்க்கக் கூடாது. நேரத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அதன்பின் பகலும் இரவும் கழிக்கும் அனைத்தையும், மறுநாள் அதே நேரத்துச் சிறுநீர் உட்பட, ஆய்வகம் தரும் பிளாஸ்டிக் கேனிலேயே சேருங்கள். எவர்சில்வர் பாத்திரத்திலோ பித்தளைச் சொம்பிலோ பிடித்து ஊற்ற வேண்டாம். உலோகம் கலந்தால் அளவு பொய்யாகிவிடும். ஒருமுறை தவறிப் போனாலும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மறுநாள் மீண்டும் தொடங்குவது எளிது. தவறான எண்ணை வைத்து மருத்துவம் தொடங்குவது ஆபத்து. செருலோபிளாஸ்மின் என்ற ரத்தப் பரிசோதனையும் உண்டு. உடலில் வேறு அழற்சி இருந்தால் அது இயல்பானது போலக் காட்டிவிடும். எனவே எந்த ஒரு பரிசோதனையையும் தனியாக நம்பி நாங்கள் முடிவு செய்வதில்லை.

இந்நோய் உறுதியானவர்கள் வீட்டில் செம்புக் குடத்துத் தண்ணீரை அருந்த வேண்டாம். செம்புப் பாத்திரத்து நீர் நல்லது என்ற பேச்சு இப்போது பரவலாக இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம். செம்பு சேர்ந்த பற்பம், செந்தூரம் போன்றவற்றையும் தவிர்க்க வேண்டும். ஈரல், ஓடுள்ள கடலுணவுகள், முந்திரி போன்ற கொட்டைகள், காளான், சாக்லேட் ஆகியவற்றைச் சிகிச்சையின் தொடக்க காலத்திலேனும் விலக்குவது நல்லது. பெனிசில்லமினை வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும். தொடக்கத்தில் சிலருக்கு நடுக்கம் கூடுவதுண்டு. அதற்காகத்தான் அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டுகிறோம். நலமாகிவிட்டது என்று தாமாகவே மருந்தை நிறுத்துவதுதான் இந்நோயில் நாங்கள் மிகவும் அஞ்சுவது. நிறுத்திய சில மாதங்களிலோ ஓரிரு ஆண்டுகளிலோ கல்லீரல் திடீரெனச் செயலிழந்து, மாற்றுக் கல்லீரல் ஒன்றே வழி என்ற நிலை வரக்கூடும்.

மருந்து உள்ள நோய்க்குப் பெயர் தேவை என்பதை எவரும் ஒப்புக்கொள்வார்கள். மருந்தே இல்லாத நோய்க்குப் பெயர் எதற்கு என்றும் எங்களைக் கேட்கிறார்கள். அதற்கு விடையாக நம் நகரத்தின் பெயரையே தாங்கிய ஒரு நோய் இருக்கிறது. 1970-ஆம் ஆண்டு சென்னையின் நரம்பியல் மருத்துவர் மீனாட்சிசுந்தரமும் அவருடன் பணியாற்றியவர்களும், இளம் வயதினரிடம் காணப்பட்ட இயக்க நரம்பணு நோய் ஒன்றை விவரித்தார்கள். கைகால்கள் மெலியும், முகத் தசைகளும் விழுங்கும் தசைகளும் தளரும், சிலருக்குக் காது கேட்பது குறையும். மருத்துவ உலகில் இதற்கு மெட்ராஸ் இயக்க நரம்பணு நோய் என்றே பெயர் நிலைத்துவிட்டது. பதிவானவர்களில் மிகுதியானோர் தென்னிந்தியர்.

இயக்க நரம்பணு நோய் என்ற பொதுப் பெயரை மட்டும் ஒரு குடும்பம் கேட்டுவிட்டு இணையத்தில் தேடினால், சில ஆண்டுகளில் மூச்சுத் தசைகள் தளர்ந்து உயிர் பிரியும் நோயைப் பற்றித்தான் படிப்பார்கள். நடுவயதுக்கு மேல் வரும் பொதுவான வகைக்கு அது பெரும்பாலும் பொருந்தும். மெட்ராஸ் வகையோ மெல்ல நகர்வது. பலர் பல பத்தாண்டுகள் வாழ்கிறார்கள். இரண்டுக்கும் முழுமையான மருந்து இல்லை என்பது உண்மைதான். ஆனால் பத்தொன்பது வயது மகளைக் கல்லூரிக்கு அனுப்பலாமா என்று கேட்கும் தந்தைக்கு இரண்டும் ஒரே விடையைத் தருவதில்லை.

இன்னொன்றும் உண்டு. இளம் வயதில் காது மந்தம், முகத் தளர்ச்சி, கைகால் மெலிவு ஆகியவை சேர்ந்து வரும் வேறொரு நோய், பி2 என்னும் ரைபோஃபிளேவின் உயிர்ச்சத்தை உடலுக்குள் கடத்தும் புரதத்தின் பழுதால் வருகிறது. 2010-க்குப் பின்னரே இது புரிந்தது. அதிக அளவில் பி2 கொடுத்தால் பலருக்கு நோய் நிற்கிறது, சிலருக்குப் பலம் திரும்பவும் செய்கிறது. வெளித்தோற்றத்தில் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும் இவ்விரண்டையும் பிரித்தறிவதில் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கடையில் பி2 மாத்திரை வாங்கி நீங்களே தொடங்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. சத்து மாத்திரையில் இருக்கும் அளவு இதற்குப் போதவே போதாது.

இனி, உங்கள் பங்கு. அந்தத் துணிக்கடைப் பையைத் தூக்கி எறிய வேண்டாம், அடுக்குங்கள். பழையது அடியிலும் புதியது மேலுமாக ஒரே ஃபைலில் வையுங்கள். பளபளப்பான தாளில் அச்சிட்ட அறிக்கைகள் ஓராண்டில் வெளுத்துவிடும், நகல் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு தாளில், உங்கள் சொற்களிலேயே, எந்த வயதில் எது முதலில் வந்தது என்று எழுதுங்கள். நோய்ப் பெயர்கள் வேண்டாம். "ஆறாம் வகுப்பு வரை ஓடினான், ஏழாம் வகுப்பில் படி ஏறக் கைப்பிடி தேவைப்பட்டது" என்ற ஒரு வரி எங்களுக்குப் பத்து அறிக்கைகளுக்குச் சமம். வலிப்போ விட்டுவிட்டு வரும் நடுக்கமோ இருந்தால் செல்போனில் படம் பிடித்து வாருங்கள். பழைய திருமண வீடியோவில் பிள்ளை நடப்பது பதிவாகியிருந்தால் அதுவும் பயன்படும்.

குடும்ப வரலாறு கேட்கும்போதுதான் அறையில் மௌனம் விழுகிறது. சொந்தத்தில் திருமணமா, பிறந்து சில நாளில் இறந்த குழந்தை உண்டா, சித்தப்பா வீட்டில் இப்படி யாரேனும் உண்டா என்று கேட்போம். தமிழ்நாட்டில் திருமணங்களில் நான்கில் ஒன்றுக்கு மேல் உறவுக்குள் நடப்பவை என்று தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. ஆகவே மாமன் மகளை மணந்ததைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. நாங்கள் குற்றம் காணக் கேட்பதில்லை. ஒரே மூதாதையிடமிருந்து வந்த பழுதான மரபணு இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு அப்போது கூடும். எந்த வகை நோயைத் தேட வேண்டும் என்பதற்கு அது ஒரு தடயம். வில்சன் நோய் போன்றவற்றில் பழுது தாயிடமிருந்து ஒரு பங்கும் தந்தையிடமிருந்து ஒரு பங்கும் வர வேண்டும். மருமகளை மட்டும் குறை சொல்லும் மாமியார்கள் இதைக் கேட்டுக்கொண்டால் நல்லது.

மரபணுப் பரிசோதனையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இப்போது ஒரு குழாய் ரத்தத்திலிருந்து ஆயிரக்கணக்கான மரபணுக்களை ஒருசேரப் படிக்க முடிகிறது. விளம்பரம் பார்த்து நேரே பணம் கட்டிவிட்டு வருபவர்களும் இருக்கிறார்கள். எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் படித்தால், நோய்க்குக் காரணமா இல்லையா என்று சொல்ல முடியாத மாற்றங்கள் அறிக்கையில் வரிசையாக வரும்; குழப்பமே மிஞ்சும். முதலில் உடலைப் பார்க்க வேண்டும், பிறகு மரபணுவை. அறிக்கையில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும் அதைப் பத்திரப்படுத்துங்கள். ஓரிரு ஆண்டுகள் கழித்து அதே தரவை மீண்டும் படிக்கும்போது, இடையில் புதிதாகக் கண்டறியப்பட்ட நோய் ஒன்றின் பெயர் பொருந்திவிடுவதுண்டு.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். மத்திய அரசு 2021 மார்ச்சில் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையை வெளியிட்டது. முதலில் 20 லட்சம் ரூபாயாக இருந்த உதவி வரம்பு, 2022-இல் 50 லட்சமாக உயர்த்தப்பட்டது. பணம் குடும்பத்தாரின் கையில் தரப்படுவதில்லை. இதற்கென அறிவிக்கப்பட்ட சிறப்பு மையங்களின் வழியாகவே சிகிச்சைக்குச் செல்கிறது. சென்னையில் எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை அத்தகைய மையம். ஆவடியில் மின்தொடர் வண்டி ஏறி மூர் மார்க்கெட்டில் இறங்கினால் அங்கிருந்து அதிக தூரமில்லை. எல்லா அரிய நோய்களும் இக்கொள்கையின் பட்டியலில் இல்லை. உங்கள் நோய் அதில் உண்டா என்பதை அம்மையத்திலேயே உறுதி செய்துகொள்ளுங்கள். பத்துக் கிலோ எடையுள்ள குழந்தைக்கே சில நோய்களின் மருந்துச் செலவு ஆண்டுக்குப் பத்து லட்சத்திலிருந்து ஒரு கோடிக்கு மேல் ஆகலாம் என்றும், எடை கூடக் கூடச் செலவும் கூடும் என்றும் அதே கொள்கை ஆவணம் கூறுகிறது. ஆகவே 50 லட்சம் பெரிய தொகையாகத் தோன்றினாலும் வாழ்நாள் மருந்துக்கு அது காணாது. இதை மறைத்து நம்பிக்கை ஊட்ட நாங்கள் விரும்பவில்லை. வில்சன் நோய் போன்று மாத்திரையால் கட்டுப்படும் நோய்களில் நிலைமை வேறு. அங்கே பணத்தைவிடக் காலமே பெரிய தடை.

ஒரு பிள்ளைக்கு வில்சன் நோய் உறுதியானால், உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் அது இருக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அவர்கள் நன்றாக ஓடி விளையாடலாம்; கல்லீரலில் செம்பு சேர்ந்துகொண்டிருக்கலாம். அறிகுறி தோன்றும் முன்னரே மருந்து தொடங்கினால் அறிகுறியே வராமல் தடுக்க முடியும். எனினும் அண்ணனுக்கு நோய் என்று சொன்ன அன்று தங்கையையும் அழைத்து வாருங்கள் என்றால் பல குடும்பங்கள் பின்வாங்குகின்றன. நாளை அவளுக்கு வரன் பார்க்கும்போது பேச்சு வரும் என்ற அச்சம். அந்த அச்சத்தை நாங்கள் அறிவோம். பரிசோதனை முடிவுகளை உங்களிடமன்றி வேறு எவரிடமும் நாங்கள் சொல்வதில்லை. தங்கைக்குத் தேவைப்படுவது கண் மருத்துவரிடம் ஐந்து நிமிடம், ஒரு முறை ரத்தம், ஒரு நாள் சிறுநீர், அண்ணனின் மரபணு மாற்றம் தெரிந்திருந்தால் அந்த ஒரே மாற்றத்துக்கான பரிசோதனை. பள்ளி விடுமுறை வரை காத்திருக்க வேண்டாம். அண்ணனின் அடுத்த வருகைக்கு வரும்போதே அவளையும் கூட்டி வாருங்கள்.